ரப்பர் தடியில் கருநீலக் கறை: பாக்டீரியா அடித்தும் ஏன் வருகிறது? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கத்துத் தோட்டங்களிலும் கேரளத்திலும் 25, 30 வருடம் பால் வெட்டி முடித்த ரப்பர் மரங்களைச் சாய்த்து மில்லுக்கு ஏற்றுவது வழக்கமான காட்சி. வெட்டிய அன்று வெண்ணெய் நிறத்தில் இருக்கும் தடி, நாலைந்து நாளில் மை கொட்டியதுபோல் கறுக்கிறது. இதைத் தடுக்கப் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைப் பயன்படுத்துகிறவர்களிடமிருந்து வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "அடித்தேன், ஆனாலும் கறுத்துவிட்டது."

பாக்டீரியா மேல் பழி போடுவதற்கு முன் கறையைப் பாருங்கள். அது எங்கே இருக்கிறது, என்ன வடிவத்தில் இருக்கிறது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை வைத்தே, மரம் சாய்ந்ததிலிருந்து பலகையாகி உலர்த்தும் சூளை ஏறும் வரை எந்தக் கட்டத்தில் கோட்டை விட்டோம் என்று சொல்லிவிடலாம். கீழே உள்ள அறிகுறிகளை அந்தக் கணக்கில்தான் பிரித்திருக்கிறேன்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

ரப்பர் தடிக்கு வைரம் கிடையாது. தேக்கு, பலா மாதிரி உள்ளே நிறம் மாறி இறுகிய பகுதி என்று தனியாக எதுவும் இல்லை. பட்டையை உரித்தால் நடு வரைக்கும் வெளிறு என்கிற இளமரம்தான். அந்த வெளிறு முழுக்க மாவுச்சத்தும் சர்க்கரையும். கறையை உண்டாக்கும் முக்கியப் பூஞ்சை லேசியோடிப்ளோடியா தியோப்ரோமே. மாம்பழம் காம்புப் பக்கத்திலிருந்து கறுத்து அழுகுவதற்கும் இதே ஆள்தான் காரணம். 28 முதல் 30 டிகிரி வெப்பம் அதற்குக் கொண்டாட்டம். ஆய்வகத் தட்டில் இரண்டு மூன்று நாளில் விளிம்பைத் தொட்டுவிடும். மரத்துக்குள் நடுவிலிருந்து பட்டை நோக்கி ஓடும் கதிர்த்திசுக்கள் வழியாகப் பரவி அங்குள்ள மாவுச்சத்தைத் தின்கிறது. நாம் பார்க்கும் நிறம் அந்தப் பூஞ்சை இழைகளில் இருக்கும் மெலனின் நிறமி. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் பூஞ்சை வளராது. தண்ணீரில் முழுக்க மூழ்கியிருந்தாலும் வளராது, காற்று இல்லாததால். இரண்டுக்கும் நடுவே இருக்கும் நாட்கள்தான் ஆபத்து.

பாக்டீரியா இரண்டு வேலை செய்கிறது. மரத்தின் வெட்டுமுகத்தில் உள்ள சர்க்கரையைத் தின்று, பேருந்து சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, பூஞ்சைக்கு முன்னால் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கூடவே இட்யூரின், ஃபெஞ்சிசின், சர்ஃபாக்டின் போன்ற லிப்போபெப்டைடுகளை (கொழுப்பும் புரதத் துணுக்கும் சேர்ந்த பொருட்கள்) சுரக்கிறது. இவற்றில் முதல் இரண்டும் பூஞ்சையின் செல் சவ்வைக் குலைப்பவை. திருச்சூர் அருகே பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் ரப்பர் மரக் கறைக்கு எதிராகப் பல பாக்டீரியாக்களைச் சலித்துப் பார்த்து, பேசில்லஸ் சப்டிலிஸ் வகை ஒன்றை நல்ல தடுப்பானாகக் கண்டிருக்கிறார்கள். ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற இன்னொரு பாக்டீரியா மேலும் அங்கே ஆய்வு நடந்திருக்கிறது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 1980களில் கனடாவில் பேசில்லஸ் சப்டிலிஸை ஈரம் காயாத பச்சைப் பலகைகளில் பரிசோதித்தார்கள். ஆய்வகத்தில் பூஞ்சையை அழகாக அடக்கிய அதே பாக்டீரியா, வெளியே பலகை அடுக்கில் அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. தட்டில் ஒரு பூஞ்சை, ஒரு பாக்டீரியா, நிலையான வெப்பம். மில் முற்றத்தில் பத்து வகைப் பூஞ்சை, மழை, வெயில், அறுப்புத்தூள். இந்த வித்தியாசத்தை மறந்தால் எந்தச் சரக்கை வாங்கினாலும் ஏமாற்றம்தான்.

எதையும் மாற்றுவதற்கு முன் நான்கு சோதனை

கறுத்த பலகையை எடுத்து ஈரத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியோடு வந்துவிட்டால் அது மேற்பூசணம். வரவில்லையென்றால் இழைப்புளியால் இரண்டு மில்லிமீட்டர் இழையுங்கள். அப்போதும் போகவில்லையென்றால் முனையிலிருந்து ஓர் அடி தள்ளிக் குறுக்கே அறுத்து வெட்டுமுகத்தைப் பாருங்கள். கடைசியாக, சந்தேகமான இடத்தில் ஆக்சாலிக் அமிலக் கரைசல் ஒரு சொட்டு (கையுறை அவசியம், அது நஞ்சு). கறை மங்கி மறைந்தால் இரும்பு பட்ட கறை. அப்படியே இருந்தால் பூஞ்சைக் கறை. நான்கும் சேர்ந்து கால் மணி நேர வேலை. இதைச் செய்யாமலேயே மருந்தை மாற்றிக்கொண்டிருக்கும் மில்கள் நிறைய.

அறிகுறி: வெட்டுமுகத்தில் ஆப்பு வடிவில் கறை

குறுக்கே அறுத்த முகத்தில், பட்டைப் பக்கம் அகன்று நடுவை நோக்கிக் கூம்பும் கருநீல ஆப்புகள் தெரிகின்றன. தடியின் முனையில் அடர்த்தியாகவும் உள்ளே போகப் போக மெலிந்தும் இருக்கும். பலகை அறுத்தால் நீளவாக்கில் சாம்பல் கோடுகளாக வெளிப்படும்.

இது மில்லில் வந்த கறை இல்லை. தோட்டத்திலோ லாரியிலோ, தடியாகக் கிடந்தபோதே பூஞ்சை உள்ளே போய்விட்டது. அதன் பிறகு பலகையை எந்தத் தொட்டியில் முக்கினாலும் பயனில்லை. பாக்டீரியா மேற்பரப்பில் உட்காரும், மரத்துக்குள் பூஞ்சையைத் துரத்திக்கொண்டு போகாது. தடுக்கும் திறன் உண்டு, குணப்படுத்தும் திறன் இல்லை. பாக்டீரியா பற்றிய புகார்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தில் வந்து முடியும் என்பது என் எண்ணம்.

செய்ய வேண்டியதைத் தோட்டத்தில் செய்ய வேண்டும். மரத்தைத் துண்டு போட்டதும், அதே நாளில், இரண்டு வெட்டுமுகங்களிலும் பாக்டீரியாக் கரைசலைச் சொட்டச் சொட்ட அடிக்க வேண்டும். கிளை கழித்த இடங்கள், பட்டை உரிந்த இடங்கள், சங்கிலி உராய்ந்த காயங்கள் எல்லாமே வாசல்கள்தான். அவற்றையும் விடக் கூடாது. முனையில் மட்டும் அடித்துவிட்டு, "முனை சுத்தமாக இருக்கிறது, நடுவில் கறுத்துவிட்டது" என்று சொல்பவர்கள் நடுவில் பட்டை பெயர்ந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். அநேகமாக அங்கேதான் தொடங்கியிருக்கும்.

அடித்த பின் முனை மேல் மெழுகுக் குழம்போ வேறு முனைப்பூச்சோ பூசினால் ஈரமும் காக்கப்படும், வெடிப்பும் குறையும். வெடிப்பு குறைந்தால் பூஞ்சைக்குப் புது வழி திறக்காது. ஆனால் கரைசல் மரத்தில் இறங்குவதற்கு முன் பூசிவிடாதீர்கள்.

அப்புறம், தடியை நிழலில் வைக்கிறோம் என்று பச்சைத் தழையைப் போட்டு மூடுவது. வெயில் படாது என்பது சரி. ஆனால் உள்ளே புழுக்கம், அழுகும் இலை, அதில் பூஞ்சை. மண்ணில் படாமல் இரண்டு குறுக்குக் கட்டைகள் மேல் தூக்கிப் போடுங்கள், அது போதும். எல்லாவற்றையும்விட முக்கியம், லோடு எத்தனை நாள் கிடக்கிறது என்பது. வெட்டிய மறுநாள் மில்லுக்குப் போகும் தடிக்குப் பாக்டீரியா நல்ல காப்பு. ஒரு வாரம் கிடந்த தடிக்கு எதுவும் காப்பு கிடையாது.

அறிகுறி: மேலே வெள்ளை, இழைத்தால் உள்ளே கறுப்பு

இதுதான் மில்காரர்களுக்கு அதிக நஷ்டம் தருவது, ஏனென்றால் விற்ற பிறகு ஆசாரியின் பட்டறையில்தான் தெரியவரும். பலகையின் மேற்பரப்பு சீக்கிரம் உலர்ந்ததால், அல்லது பலகையை முக்கியெடுத்த கரைசல் மேற்பரப்பைக் காத்ததால், வெளியே வளர்ச்சி இல்லை. உள்ளே ஈரம் இருந்திருக்கிறது, பூஞ்சையும் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

காரணம் இரண்டில் ஒன்று. முதலாவது, மேலே சொன்னபடி தடியிலேயே தொற்று. இரண்டாவது, அறுத்த பின் முக்குவதற்கு முன் பலகை காத்துக் கிடந்தது. காலையில் அறுத்ததைச் சாயங்காலம் மொத்தமாக முக்கும் பழக்கம் பல இடத்தில் உண்டு. சனிக்கிழமை அறுத்ததைத் திங்கட்கிழமை முக்குவதும் உண்டு. அந்த இடைவெளியில் பூஞ்சை வித்து முளைத்து, இழை கதிர்த்திசுக்குள் இறங்கியிருக்கும். அதன் பிறகு மேலே பாக்டீரியா பூசுவது பூட்டிய வீட்டுக்குக் காவல் போடுவதில்லை, திருடன் உள்ளே இருக்க வெளியே தாழ் போடுவது.

எது என்று கண்டுபிடிக்க, ஒரே தடியிலிருந்து அறுத்த நாலு பலகைகளை அறுத்த அரை மணிக்குள் முக்குங்கள், இன்னும் நாலை வழக்கம்போல் சாயங்காலம் முக்குங்கள். இரண்டையும் ஒரே அடுக்கில் வைத்து, இரண்டு வாரம் கழித்துக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். முதல் நாலு சுத்தம், அடுத்த நாலு கறுப்பு என்றால் பிரச்சினை மில்லில். எட்டுமே கறுப்பு என்றால் தோட்டத்தில்.

இங்கே போராக்ஸ் பற்றியும் சொல்லிவிட வேண்டும். போராக்ஸ், போரிக் அமிலம் கலந்து சிலிண்டரில் அழுத்தி ஏற்றுவது மரத்தை உளுக்காமல் காக்கும், துளைக்கும் வண்டுக்கு நல்ல மருந்து. கறைப் பூஞ்சையை அது அந்த அளவுக்கு அடக்காது. அதனால்தான் முன்பு கூடவே சோடியம் பென்டாகுளோரோஃபினேட் சேர்த்தார்கள். அது மனிதனுக்கும் நீர்நிலைக்கும் கேடு என்று விலக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்தை நிரப்பத்தான் பாக்டீரியா பேச்சே வந்தது. அன்றே அறுத்து, அன்றே சிலிண்டரில் ஏற்றி, நேரே சூளைக்குக் கொண்டுபோகும் மில்லுக்குப் பலகையில் பாக்டீரியா அடிக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. சிலிண்டருக்கு வரிசையில் காத்திருக்கும் மில்லுக்குத்தான் அது தேவை.

அறிகுறி: பலகைக்குக் குறுக்கே ஒரே இடைவெளியில் பட்டை பட்டையாகக் கறை

அடுக்கும்போது காற்றுப் போகப் பலகைகளுக்கு நடுவில் வைத்த ரீப்பரின் (மெல்லிய மரச்சட்டம்) அடையாளம். ரீப்பர் பச்சையாக இருந்திருக்கும், அல்லது பழைய பூஞ்சை பிடித்த ரீப்பர். அது தொட்ட இடத்தில் ஈரம் உலரவில்லை. ரீப்பரை உலர்த்தி, சமமாகச் சீவி, அதையும் கரைசலில் முக்கி உலர்த்திய பிறகே வையுங்கள். இதற்கும் பாக்டீரியாவின் தரத்துக்கும் சம்பந்தமில்லை.

அறிகுறி: பலகையின் ஒரு முகம் சுத்தம், மறு முகம் திட்டுத் திட்டாகக் கறுப்பு

கட்டாகக் கட்டி முக்கியிருப்பீர்கள். ஒன்றோடொன்று ஒட்டிய ஈரப் பலகைகளுக்கு நடுவே கரைசல் போகாது. அறுப்புத்தூள் வேறு ஒட்டிக்கொண்டு பசை மாதிரி அடைத்துக்கொள்ளும். அறுத்ததும் தூளைத் தட்டிவிட்டு, தனித்தனியாகவோ நடுவில் ரீப்பர் வைத்தோ முக்க வேண்டும். தெளிப்பானில் அடிக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: டால்க் தூளில் வரும் பாக்டீரியா முனையை அடைக்கும். அடைத்த முனையில் ஒரு பக்கம் மட்டும் விசிறும், அடிப்பவர் கவனிக்கமாட்டார். துணியில் வடிகட்டி ஊற்றுங்கள், அல்லது திரவ வடிவச் சரக்கு வாங்குங்கள்.

அறிகுறி: பாக்டீரியா அடித்த பலகையில்தான் பச்சை, வெள்ளைப் பூசணம் அதிகம்

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இது நிஜமாக நடப்பது. காரணம் பெரும்பாலும் வெல்லம்.

நம் ஊரில் உயிர் உரம், உயிர்ப் பூஞ்சைக்கொல்லி எதுவானாலும் டிரம்மில் தண்ணீர், வெல்லம், கொஞ்சம் மாவு போட்டுப் பெருக்குவது பழகிப்போன வேலை. வயலில் அது பரவாயில்லை. மண்ணில் எவ்வளவோ நுண்ணுயிர் இருக்கிறது, மிச்ச வெல்லத்தை அவை தின்றுவிடும். மரத்தில் அப்படியில்லை. ஏற்கெனவே சர்க்கரை நிறைந்த பலகை மேல் இன்னும் சர்க்கரை பூசுகிறீர்கள். ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்ற பூசணங்களுக்கு அது விருந்து. திறந்த டிரம்மில் பெருக்கியதில் பேசில்லஸ்தான் வளர்ந்தது என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. காற்றில் இருந்த வேறு ஏதோ ஒன்று வளர்ந்திருக்கலாம். நுரையும் புளித்த வாடையும் "நன்றாகப் பெருகியிருக்கிறது" என்பதற்குச் சான்றில்லை.

மரத்துக்கு வெல்லம் வேண்டாம். பாக்கெட்டில் இருப்பதை அப்படியே சுத்தமான தண்ணீரில் கரைத்து அடியுங்கள். உணவை மரமே கொடுக்கும்.

பூசணம் துடைத்தால் போகிறதா என்று பாருங்கள். போனால் மரத்துக்குச் சேதமில்லை. அடுக்கில் காற்றோட்டம் போதவில்லை என்பதை மட்டும் அது சொல்கிறது. அடுக்கைச் சுவரிலிருந்து தள்ளி, காற்று வரும் திசைக்குக் குறுக்காகத் திருப்பி வையுங்கள்.

அறிகுறி: தொட்டி நாறுகிறது, கொழகொழப்பு

பலகையோடு வந்த தூளும் மாவுச்சத்தும் தொட்டியில் சேர்ந்து, கண்ட கண்ட நுண்ணுயிர் வளர்ந்துவிட்டது. தூளை வடித்து, தொட்டியைக் காலி செய்து, கழுவிப் புதிதாகக் கலக்குங்கள். மேலே இன்னும் இரண்டு பாக்கெட் கொட்டிச் சரிசெய்ய முடியாது. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால், அது முழுக்கப் போகும்வரை அலசிவிட்டே புதுக் கரைசல் ஊற்றுங்கள்.

அறிகுறி: ஒரு லோடு நன்றாக வந்தது, அடுத்த லோடு மொத்தமும் போனது

இங்கேதான் பாக்டீரியாவையே சந்தேகப்படலாம். வரிசையாகக் கேளுங்கள். சரக்கின் காலாவதித் தேதி என்ன? எங்கே வைத்திருந்தீர்கள்? தகரக் கூரைக் கொட்டகையில், வெயில் படும் மூலையில் கிடந்த பாக்கெட் என்றால் பலம் குறைந்திருக்கும். பேசில்லஸ் உறைவித்து (கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலை) உண்டாக்கும் இனம் என்பதால் ஓரளவு தாங்கும். கடைகளில் கிடைக்கும் இன்னொரு நன்மை செய்யும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் அப்படித் தாங்காது, அதற்கு உறைவித்து இல்லை. கடையில் பேசில்லஸ் இல்லை என்று சூடோமோனாஸ் கொடுத்திருந்தால் அது வேறு சரக்கு என்று நினைவில் வையுங்கள்.

தண்ணீரில் குளோரின் இருந்ததா? முந்தின நாள் அதே தெளிப்பானில் தாமிர மருந்தோ போர்டோ கலவையோ அடித்தார்களா? ரப்பர் தோட்டத்தில் தாமிர மருந்து புழங்குவது சகஜம். கழுவாத தெளிப்பானில் பாக்டீரியாவை ஊற்றினால் அங்கேயே கதை முடிந்தது. போராக்ஸ் கரைசலோடு ஒரே தொட்டியில் கலந்தார்களா? இந்தக் கலவை உங்கள் சரக்குக்கு ஒத்துப்போகும் என்று சோதித்துத் தெரிந்துகொள்ளும்வரை கலக்க வேண்டாம்.

எல்லாம் சரி என்றால் ஒரு பாக்கெட்டை அருகில் உள்ள வேளாண் கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் கொடுத்து, கிராமுக்கு உயிருள்ள எண்ணிக்கை எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். லேபிளில் இருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்பது அப்போது தெரிந்துவிடும். எண்ணிக்கை சரியாக இருந்தும் தோல்வி என்றால், அந்த ரகமே நம் பூஞ்சைக்குச் சரிப்படாததாக இருக்கலாம். கடையில் கிடைப்பவை பயிர்நோய்களுக்காகத் தேர்ந்தெடுத்தவை. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் ரகத்துக்கு ரகம் சுரக்கும் லிப்போபெப்டைடு மாறும்.

கடைசியாக, மழை. குமரியில் தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் உண்டு. அடித்துக் காய்வதற்குள் பெய்த மழை கரைசலைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை, அதுவும் அன்றே.

அறிகுறி: ஊசித்துளையும் அதைச் சுற்றிக் கறுப்பும்

வண்டு. பச்சைத் தடியைத் துளைக்கும் சிறு வண்டுகள் தம் பூஞ்சையைத் தாமே சுமந்து வந்து துளைக்குள் பயிரிடும். துளையின் சுவர் கறுத்திருப்பது அதனால்தான். பாக்டீரியா வண்டை நிறுத்தாது. தடியைச் சீக்கிரம் அறுத்து, போராக்ஸ் ஏற்றி, உலர்த்துவதுதான் வழி. துளையிலிருந்து மாவு மாதிரித் தூள் கொட்டினால் அது உலர்ந்த மரத்தின் உளு, வேறு கதை.

அறிகுறி: ஆணி, கம்பி, சங்கிலி பட்ட இடத்தில் மட்டும் கருநீலம்

இரும்புக் கறை. ஆக்சாலிக் அமிலச் சோதனையில் மங்கும். பாக்டீரியாவை விட்டுவிட்டு, ஈரப் பலகை மேல் துருப்பிடித்த இரும்பு படாமல் பாருங்கள்.

அறிகுறி: கறுப்பு இல்லை, பலகை முழுக்கத் தேநீர் நிறம்

பூஞ்சை காரணமில்லை. மரச்சாற்றில் உள்ள பொருட்கள் காற்றுப் பட்டு நிறம் மாறியது, அல்லது ஈரப் பலகையைச் சூளையில் எடுத்த எடுப்பில் அதிக வெப்பத்துக்குக் கொண்டுபோனது. சூளைக்காரரிடம் பேசுங்கள்.

குளத்தில் போட்டு வைக்கலாமா?

தடியை அறுக்க முடியாமல் தேங்கும்போது சிலர் தண்ணீரில் மூழ்கடிக்கிறார்கள். கறை வராது, உண்மை. ஆனால் நாள் கூடினால் நீரில் உள்ள பாக்டீரியாக்கள் மரத்தின் நுண்துளைச் சவ்வுகளைத் தின்றுவிடும்; பைன் போன்ற மரங்களில் இது நன்றாகத் தெரிந்த விஷயம். அப்படிப்பட்ட மரம் பாலிஷை ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் உறிஞ்சி, திட்டுத் திட்டாகக் காட்டும். நன்மை செய்யும் பாக்டீரியா என்று ஒரு சாதி தனியாக இல்லை; எந்த ரகம், எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம்.

ஏற்கெனவே கறுத்த பலகை

பிளீச் போட்டால் மேலே வெளுக்கும், உள்ளே அப்படியே இருக்கும். இழைத்ததும் திரும்பத் தெரியும். கறைப் பூஞ்சை மாவுச்சத்தைத்தான் முக்கியமாகத் தின்கிறது, மரநாரை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதனால் பலம் பெரிதாகக் குறையாது, அதிர்ச்சி தாங்கும் திறன் மட்டும் கொஞ்சம் குறையலாம். இயற்கை நிற மேசைக்கு ஆகாது. பெயின்ட் அடிக்கும் சாமான், சோபாவின் உட்சட்டம், பேக்கிங் பெட்டி இதற்கெல்லாம் தாராளமாகப் போகும். உளியால் குத்தினால் நொறுங்குகிற பலகை மட்டும் வேண்டாம். அங்கே கறையோடு அழுகலும் சேர்ந்திருக்கிறது, அது அடுப்புக்குத்தான். கறுத்ததை நல்ல பலகையோடு ஒரே அடுக்கில் வைக்காதீர்கள், முக்கியமாக இன்னும் ஈரம் காயாதபோது.